டிராவல் டிரெய்லரில் நீர் புகுந்து மக்கிய சுவரை நீங்களே சரிசெய்ய: முழுமையான வழிகாட்டி

படுக்கைக்குப் பின்னால் சுவரில் ஒரு பழுப்புக் கறை. விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்குகிறது. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான டிராவல் டிரெய்லரில் நீர்ச்சேதம் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் கண்ணில் படும். உடனே கை சிலிகான் டியூபைத் தேடும். கறைக்கு நேர் வெளியே ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர் வேறு எங்கோ புகுந்து வந்திருக்கும். நீங்கள் அடைப்பது, உள்ளே நிற்கும் ஈரம் வெளியேற மிச்சமிருக்கும் வழியை.

கூரை ஓரத்தில் நுழையும் நீர், சுவர்க்கட்டை வழியாக இறங்கி, தரைக்குச் சற்று மேலே கிடக்கும் அடிக்கட்டையில் போய்த் தேங்கும். கறை கீழே தெரியும். காரணம் மேலே இருக்கும். ஆகவே வேலையின் வரிசையை மாற்றவே கூடாது: நீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது, மக்கியதை முழுவதும் வெட்டி எடுப்பது, உலர்த்துவது, புதிதாகக் கட்டுவது, வெளிப்புறத்தை அடைப்பது, தண்ணீர் அடித்துச் சோதிப்பது, கடைசியாக உட்பலகையை மூடுவது. பலரும் சோதனையைத் தவிர்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே சுவரை மறுபடி பிரிக்க வேண்டியதாகிறது.

உங்கள் சுவர் எந்த வகை?

கிடைமட்டமாக வரிவரியாக மடிப்பு விழுந்த மெல்லிய அலுமினியத் தகடு வெளியே தெரிந்தால், உள்ளே இருப்பது மரச்சட்டம். சுமார் 38 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர் கட்டைகளை ஸ்டேபிள் அடித்துச் சேர்த்திருப்பார்கள். நடுவே கண்ணாடியிழைப் பஞ்சு. உட்பக்கம் 3 மி.மீ. பிளைவுட், அதன்மேல் வினைல் தாள். தனி ஆளாகப் பழுது பார்க்க ஏற்ற வகை இதுதான். பொருத்திய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் எல்லாம் கழன்று வரும்.

வெளிப்பக்கம் வழவழவென்று ஃபைபர்கிளாஸாக இருந்தால் அது ஒட்டுச் சுவர். மேல்தோல், மெல்லிய பிளைவுட், தெர்மோகோல், உட்பலகை எல்லாவற்றையும் அழுத்தி ஒரே பலகையாக ஒட்டியது. இதில் நீர் புகுந்தால் தோல் உப்பி அலையலையாகத் தெரியும். அதற்கான வேலை வேறு. பின்னால் தனியே சொல்லியிருக்கிறோம். கீழே வரும் சுவர் விவரம் மரச்சட்ட வகைக்கானது. தரையும் கூரையும் இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்றே.

ஈரம் எதுவரை பரவியிருக்கிறது?

இரண்டு ஊசிமுனை உள்ள ஈரமானி ஒன்று வாங்குங்கள். விலை மலிந்த மீட்டரே போதும். முக்கியம், எல்லா இடத்தையும் ஒரே மீட்டரால் அளந்து ஒப்பிடுவது. மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 15 முதல் 20 வரை சந்தேகத்துக்குரியது. 20க்கு மேல் நீடித்து நின்றால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளரத் தொடங்கும். 28, 30ஐத் தாண்டினால் மரத்தின் நாரே நீரால் நிறைந்துவிட்டது என்று பொருள். அங்கே ஏதோ ஒரு வழியாக இப்போதும் நீர் வந்துகொண்டிருக்கிறது.

ஊசி குத்தினால் வினைல் தாளில் துளை விழும். அலமாரிக்குள், மெத்தைக்குப் பின், ஜன்னல் விளிம்புக்கு அடியில் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள். உள்ளே உலோகமோ அலுமினிய ஃபாயிலோ இருந்தால் எண் பொய்யாக எகிறும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் திடீரென்று உயர்ந்தால் பக்கத்தில் இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். 15 செ.மீ. இடைவெளியில் அளந்து, மாஸ்கிங் டேப் துண்டில் எண்ணை எழுதிச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தால், அரைமணி நேரத்தில் ஈரத்தின் உருவம் கண்முன் நிற்கும். அது பெரும்பாலும் மேலே குறுகி, கீழே அகன்ற முக்கோணமாக இருக்கும். அந்த முக்கோணத்தின் மேல் முனைதான் நீங்கள் தேடும் இடம்.

மீட்டர் காட்டாததைக் கூர்முனைக் கருவி காட்டும். வெளியே கூரையும் சுவரும் சேரும் மூலையை மூடியிருக்கும் அலுமினிய ஓரச்சட்டத்தின் ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். அது பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றினாலோ, துருவும் கறுப்புத் தூளுமாக வெளியே வந்தாலோ, பின்னால் இருக்கும் கட்டை இற்றுவிட்டது. வெளியே நாற்பது திருகாணிகளைச் சோதிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. வண்டியின் முழு நிலைமையும் தெரிந்துவிடும்.

நீர் புகும் வழி

முதலில் மழைநீரா, குழாய்நீரா என்று பிரித்தறியுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு 12 வோல்ட் பம்பை இயக்குங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிட வேண்டும். யாரும் தண்ணீர் திறக்காதபோது அது அவ்வப்போது தானாகத் துடித்தால், எங்கோ குழாய் இணைப்பு கசிகிறது, அல்லது பம்பின் வால்வு பின்னோக்கி விடுகிறது. பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) குழாய் முனைகள், வெந்நீர்த் தொட்டியின் பின்பக்கம், கழிப்பறைப் பீடத்தின் அடி, குளியல் தட்டின் வடிகால் ஆகியவற்றை உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பார்த்தால் ஈரம் காட்டிக் கொடுக்கும். மழை இல்லாத வாரத்திலும் ஈர எண் ஏறினால் சந்தேகம் முழுக்கக் குழாயின் மேல்தான்.

மழைநீர் என்று தெரிந்தால் ஓஸ் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சுடன், ஒருவர் வெளியே ஓஸுடன். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நீர் எல்லா இணைப்பையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். எது கசிந்தது என்றே தெரியாது. முதலில் ஜன்னலின் அடிவிளிம்பு, பிறகு அதன் பக்கங்கள், மேல்விளிம்பு, ஓரச்சட்டம், ஓர விளக்குகள், கடைசியாகக் கூரை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், மழை விழுவதுபோல் மெதுவாக. அழுத்தம் கொடுத்துப் பீய்ச்சும் வாஷர் வேண்டவே வேண்டாம். நல்ல இணைப்பிலும் அது நீரைத் திணித்துவிடும்.

இன்னொரு முறை, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுப்பது. கூரை வென்ட் (காற்றுத் திறப்பு) ஒன்றில் ஊதும் விசிறியைப் பொருத்தி, மற்ற வென்டுகளையும் வடிகால்களையும் அடைத்துவிட்டு, வெளியே சோப்பு நீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கொப்பளிக்கும். கேஸ் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? கூரையும் சுவரும் சேரும் ஓரச்சட்டம்தான் முதல் குற்றவாளி. அதன் நடுவே திருகாணித் தலைகளை மறைக்கும் வினைல் நாடா வெயிலில் சுருங்கி வெளியே வந்திருக்கும். அடியில் வைத்த பழைய பட்டி மண்போல் காய்ந்திருக்கும். அடுத்து முன்பக்க ஜன்னல், ஓர விளக்குகள், பின் ஏணியின் பாதங்கள், ஆனிங் பந்தலின் தாங்கிகள், கூரை வென்ட், கழிவுக்குழாயின் காற்றுப்போக்கி. ஏணிப் பாதத்தைக் குறிப்பாகப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆள் ஏறும்போதும் அது அசைந்து, அடைப்பைக் கிழிக்கிறது.

தொடங்கும் முன்

வெளி மின் இணைப்பைப் பிடுங்குங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். சுவருக்குள் வயர்கள் எங்கே ஓடுகின்றன என்பதற்கு வரைபடம் இருக்காது. ஆகவே உட்பலகையை வெட்டும்போது ரம்பத்தின் ஆழம் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பூஞ்சை படிந்த பலகையைக் கிழிக்கும்போது என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம். மிகப் பழைய வண்டியாக இருந்தால், தரை ஓட்டிலும் அதன் அடிப்பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

வண்டியை ரசமட்டம் வைத்து நேராக்கி, சேசியின் அடியில் ஜாக்கி ஸ்டாண்டுகளால் தாங்குங்கள். வண்டியோடு வரும் மூலை ஜாக்கிகள் ஆடாமல் பிடிக்க மட்டுமே. எடை தூக்க அல்ல. ஜன்னல் திறப்புகளின் மூலைவிட்டங்களை இப்போதே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சுவர்கள் விறைப்பாக நிற்பதே உட்பலகையின் தயவில்தான். பலகையை எடுத்ததும் சட்டம் சாய்சதுரமாகச் சரியலாம். திரும்பக் கட்டும்போது இரண்டு மூலைவிட்டங்களும் பழைய அளவுக்கு வந்தால்தான் ஜன்னல் உட்காரும்.

ஊசலாடும் வெட்டுக் கருவி ஒன்று இந்த வேலையில் பாதி உழைப்பை மிச்சப்படுத்தும். கட்டைகளுக்கு இடையே ஸ்டேபிளை அறுக்க அதைவிட எளிய வழி கிடையாது.

பிரிப்பது

வினைல் நாடாவை ஒரு முனையில் நெம்பி இழுத்தால் முழுவதும் வந்துவிடும். அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். திருகாணிகளைக் கழற்றி, ஓரச்சட்டத்தை அகலமான பட்டிக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே இடத்தில் பலம் கொடுத்தால் அலுமினியம் மடிந்துவிடும். மடிந்தது நேராகாது.

ஜன்னல்களில் பெரும்பாலானவை உள்ளே ஒரு வளையச் சட்டத்தால் இறுக்கப்பட்டிருக்கும். வளையத்தின் திருகாணிகளை எடுத்ததும் ஜன்னல் வெளிப்புறமாக விழத் தயாராக இருக்கும். வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய மாடல்களில் திருகாணிகள் வெளி விளிம்பிலேயே இருக்கும்.

தகடுகள் பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் பொருத்தப்பட்டவை. ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பையும் ஸ்டேபிள் அடித்து, அதை அடுத்த தகட்டின் மடிப்பு மறைத்திருக்கும். ஆகவே கழற்றுவது மேலிருந்து கீழாக. ஒவ்வொன்றின் பின்பக்கமும் எண் எழுதி, காற்றில் பறக்காதபடி படுக்கவைத்துப் பாரம் வையுங்கள். எந்தத் தகட்டையும் வளைத்துச் சாத்தி வைக்காதீர்கள்.

சட்டம் தெரிந்ததும் முதலில் புகைப்படம். ஒவ்வொரு கட்டையின் இடத்தையும் அளவையும் எழுதிய பிறகே கை வையுங்கள். மக்கிய கட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் உருவத்தை அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். முன்பக்கத்து வளைவுக் கட்டைகளுக்கு இது மிக அவசியம். வளைவைக் கண்ணால் ஊகித்து வெட்டியவர் யாரும் முதல் முறையில் சரியாக வெட்டியதில்லை.

எவ்வளவு வெட்டுவது, எப்படி உலர்த்துவது

கறுத்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றும். நிறுத்தாதீர்கள். கூர்முனையால் குத்தி, மரம் கடினமாக எதிர்க்கும் இடம் வரை போய், அதற்கு அப்பாலும் 30 செ.மீ. எடுங்கள். பூஞ்சையின் இழைகள் நிறம் மாறாத மரத்திலும் முன்னேறியிருக்கும். ஊறி இறுகும் எபாக்ஸியை ஊற்றி மக்கிய கட்டையைக் கெட்டிப்படுத்தலாம் என்று சொல்வார்கள். திருகாணி பிடிக்காத ஒரு துளைக்கோ, கதவுச் சட்டத்தின் சிறு மூலைக்கோ அது பொருந்தும். கூரையைத் தாங்கும் கட்டைக்கு அது போதாது. மாற்றியே ஆக வேண்டும்.

சுவர்க்கட்டைகளை எடுக்கும் முன் கூரைக்கு முட்டுக் கொடுங்கள். உள்ளே கூரையின் குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் ஒரு நீளக்கட்டையை வைத்து, தரையிலிருந்து இரண்டு மூன்று முட்டுக் கட்டைகளை ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். முட்டின் அடியில் பலகை கிடக்கட்டும். இற்ற தரையில் நேராக நின்றால் ஓட்டை போட்டுவிடும். ஒரு சுவரின் எல்லாக் கட்டைகளையும் ஒரே நாளில் எடுக்காமல், இரண்டு எடுத்து இரண்டு போட்டு நகருங்கள்.

நனைந்த கண்ணாடியிழைப் பஞ்சை உலர்த்தித் திரும்ப வைக்க நினைக்காதீர்கள், குப்பைக்குத்தான். மிச்சமுள்ள மரத்தைச் சோப்பு நீரால் துடைத்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தால் தூசியை எடுத்து, விசிறியும் ஈரமுறிஞ்சியும் ஓட விடுங்கள். வெளியே மழையோ ஈரக்காற்றோ இருந்தால் கதவை மூடிவிட்டு ஈரமுறிஞ்சியை இயக்க வேண்டும். வறண்ட வெயில் இருந்தால் எல்லாவற்றையும் திறந்துவிட்டாலே போதும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். எல்லா இடத்திலும் மீட்டர் 15க்குக் கீழே காட்டும் வரை அடுத்த வேலை இல்லை.

பிளீச் ஊற்றினால் மரத்தின் மேற்பரப்பு வெளுக்கும். ஆனால் அதன் நீர் மரத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள பூஞ்சைக்கே உதவும். அதற்குப் பதில் போரேட் பயன்படுத்துங்கள். டைசோடியம் ஆக்டாபோரேட் தூள் 120 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, தூரிகையால் இரண்டு பூச்சு. அது மரத்துக்குள் ஊறி, பூஞ்சையையும் மரம் அரிக்கும் பூச்சியையும் தடுக்கும். நீர் பட்டால் கரைந்து போய்விடும் என்பதால், உள்ளே மூடப்படும் மரத்துக்கு மட்டுமே பயன்படும். காய்ந்தபின் படியும் வெள்ளைத் தூளைத் துடைத்துவிட்ட பிறகே பசை போட வேண்டும்.

புதிய சட்டம்

செயற்கையாக உலர்த்திய, முடிச்சில்லாத மென்மரம். கடையில் கிடைக்கும் 38 மி.மீ. சதுரக் கட்டைகள் ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். அகலமான நல்ல பலகையை வாங்கி நீளவாக்கில் அறுத்துக்கொள்வது மேல்.

பச்சை நிறத்தில் செம்பு உப்பு ஏற்றிய பதப்படுத்திய மரத்தை இங்கே பயன்படுத்தாதீர்கள். மக்காத மரம்தானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் செம்பு, தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத் தகட்டை அரித்து, சில ஆண்டுகளில் ஊசித் துளைகளாக்கிவிடும். சாதாரண இரும்பு ஸ்டேபிளையும் தின்னும். சாதாரண மரமும் போரேட்டும் போதும்.

கட்டையின் அடிப்பாகம் மட்டும் மக்கியிருந்தால், அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிய கட்டையை ஒட்டுப்போடலாம். ஒட்டு, நல்ல மரத்தின்மேல் குறைந்தது 30 செ.மீ. ஏற வேண்டும். நீர்புகாத மரப்பசை, 10 செ.மீ.க்கு ஒரு திருகாணி. 4 மி.மீ. திருகாணிக்கு 2.8 மி.மீ. பிட்டால் முன்துளை போடாவிட்டால், இவ்வளவு மெல்லிய கட்டை பிளந்துவிடும். தொழிற்சாலையில் ஸ்டேபிள் மட்டும் அடித்த மூலைகளில் நீங்கள் பசையும் திருகாணியும் போடுவதால், பழுது பார்த்த மூலை புதிதாக வந்ததைவிட உறுதியாகவே இருக்கும்.

அலமாரி, ஆனிங் தாங்கி, ஏணி, மேசை எங்கெங்கே தொங்கப் போகிறதோ அங்கெல்லாம் இப்போதே குறுக்குக் கட்டை வையுங்கள். உட்பலகை மூடியபின் 3 மி.மீ. பிளைவுட்டில் எதுவும் நிற்காது.

தரை

தரைப் பலகை சுவருக்கு அடியில் நுழைந்து, வெளிவிளிம்பு வரை போயிருக்கும். சுவர் அதன்மேல் நிற்கிறது. அதனால்தான் ஓரத்தில் மக்கிய தரை இவ்வளவு தொல்லை. நடுத்தரையை மட்டும் மாற்றிவிட்டுச் சுவரடியை விட்டுவிட்டால் சுவர் மெல்ல மெல்ல இறங்கும், கதவு இழுக்கும்.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வைக்க வேண்டும். ஓரிடத்தில் துளை போட்டு அளந்தால் 15 அல்லது 18 மி.மீ. என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் ஆழம் போனால் அடியில் வயர், குழாய், சில இடங்களில் கழிவுநீர்த் தொட்டியே இருக்கும். வெட்டுக்கோடு தாங்குசட்டத்தின் நடுவில் விழுமாறு அமைத்தால் புதிய பலகைக்கு உட்கார இடம் கிடைக்கும்.

சுவரடிக்கு: உட்பக்கம் சுவர்க்கட்டைகளின் குறுக்கே ஒரு நீளக்கட்டையைத் திருகாணியால் பிடித்து, அதன் அடியில் சிறிய பாட்டில் ஜாக்கி வைத்து 3 முதல் 5 மி.மீ. மட்டும் தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் கூரையின் அடைப்புகள் விடும். பழையதை வெட்டுக் கருவியால் அறுத்து இழுத்துவிட்டு, புதிய பலகையை உள்ளே செருகி, ஜாக்கியை இறக்க வேண்டும்.

சிப்போர்டு வேண்டாம். வெளிப்புறப் பசையில் ஒட்டிய பிளைவுட், பழைய தடிமனிலேயே. நான்கு விளிம்புகளுக்கும் எபாக்ஸியோ எண்ணெய்ப் பெயின்டோ இரண்டு பூச்சு கொடுங்கள். பிளைவுட் நீர் குடிப்பது முகத்தைவிட விளிம்பு வழியாகத்தான். இரும்புச் சட்டத்தின்மேல், தானே துளையிடும் திருகாணிகளை விளிம்பில் 15 செ.மீ., நடுவில் 25 செ.மீ. இடைவெளியில் இறக்குங்கள்.

வண்டியின் அடிவயிற்றில் கறுப்புத் துணியோ நெளிவுள்ள பிளாஸ்டிக் பலகையோ மூடியிருந்தால், தாழ்ந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். கனமாகத் தொங்கினால் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. அதை வடித்து, நனைந்த பஞ்சை எடுத்து, அடியையும் உலர்த்தாவிட்டால், மேலே போட்ட புதுத் தரை கீழிருந்து மக்கும்.

கூரை

கூரையில் நடக்கும்போது, குறுக்குக் கட்டைகள் இரண்டு மூன்றின்மேல் பரவும் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள். கால் அமிழும் இடத்தில் அடிப்பலகை போய்விட்டது. அதன்மேல் வெள்ளைப் பூச்சை எத்தனை கோட்டு அடித்தாலும் உள்ளே மக்குவது நிற்காது.

ஈ.பி.டி.எம். ரப்பர் கூரை என்றால் பெட்ரோல், தின்னர் எதுவும் படக் கூடாது. ரப்பர் உப்பி, பசை விட்டுவிடும். சோப்பு நீரே போதும். ரப்பரின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் ஓரக்கம்பியைக் கழற்றி, ரப்பரை மெல்ல உரித்து மடித்துவிட்டு, மக்கிய பலகையை எடுத்து, சுமார் 10 மி.மீ. பிளைவுட்டைப் போடுங்கள். திருகாணித் தலைகள் மரத்துக்குள் அமிழட்டும். மேலே துருத்தினால் காலப்போக்கில் ரப்பரைக் குத்தும். ஒட்டுவதற்கு அந்த ரப்பருக்கென்றே உள்ள நீர்க்கலப்புப் பசை. ஒட்டியதும் சில குமிழ்கள் எழும். பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கும். உரிக்கும்போதே ரப்பர் கிழிந்தாலோ, வெண்தூள் உதிர்ந்து அடியிலுள்ள கறுப்பு தெரிந்தாலோ புதிய ரப்பரே போட்டுவிடுங்கள். இவ்வளவு உழைத்துவிட்டு அதில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

வென்ட் விளிம்பின் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர்ப் பட்டை), திருகாணி, அதன்மேல் தானாகப் பரவும் கூரை சீலன்ட் (அடைப்புப் பசை). 35 செ.மீ. சதுரத் துளையில் உட்காரும் வென்டின் வெளிவிளிம்பைச் சுற்றினால் ஏறக்குறைய 1.7 மீட்டர். 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் என்று கணக்கிட்டால் 210 மி.லி.; திருகாணித் தலைகளையும் மூடும்போது 300 மி.லி. டியூப் ஒன்று தீரும். ஆகவே வென்டுக்கு ஒரு டியூப் என்று வாங்குங்கள். சரிவிலும் செங்குத்திலும் இது வழிந்துவிடும். அங்கே வழியாத வகை சீலன்ட் தேவை. பழைய அடைப்பு உறுதியாக ஒட்டியிருந்தால், அதே வகை சீலன்ட்டைச் சுத்தம் செய்த பழையதன் மேலேயே போடலாம். சிலிகான் போட்ட இடம் மட்டும் விதிவிலக்கு. சிலிகான்மேல் எதுவும் ஒட்டாது. அதைக் கடைசித் துளி வரை சுரண்டி எடுக்க வேண்டும். இந்த வண்டிகளின் வெளிப்புறத்தில் சிலிகானே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தகடு, ஜன்னல், ஓரச்சட்டம்

முழுப் பழுதின் ஆயுளும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

தகடுகளைக் கீழிருந்து எண் வரிசையில் மாட்டி, மேல்விளிம்பில் துருப்பிடிக்காத ஸ்டேபிள் அடியுங்கள். ஜன்னல் விளிம்பிலிருந்து பழைய பட்டியை முழுவதும் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 3 மி.மீ. கனம், 19 அல்லது 25 மி.மீ. அகல பியூட்டைல் டேப்பை விளிம்பைச் சுற்றி ஒட்டும்போது, தொடக்கமும் முடிவும் அடிப்பக்கம் வருமாறு பாருங்கள். இணைப்பு மேலே வந்தால் அதுவே நீர் புகும் வழி. 60க்கு 90 செ.மீ. ஜன்னலுக்கு 3 மீட்டர் டேப் பிடிக்கும். 9 மீட்டர் உருளை ஒன்று மூன்று ஜன்னலுக்கு. தகட்டின் நெளிவுப் பள்ளங்களில் ஒரு துண்டு டேப்பைக் கூடுதலாக அழுத்தி நிரப்பிவிடுங்கள். நெளிவுத் தகட்டில் ஜன்னல் கசிவதற்கு வழக்கமான காரணம், அந்தப் பள்ளங்கள் நிரம்பாமல் விடப்படுவதுதான்.

திருகாணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டேப் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பிதுங்கியதும் நிறுத்துங்கள். மறுநாள் டேப் தளர்ந்திருக்கும். அரைச்சுற்று மீண்டும் இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டுங்கள். பிறகு மேல்விளிம்புக்கும் இரு பக்கங்களுக்கும் சீலன்ட் கோடு. அடிவிளிம்பை விட்டுவிடுங்கள், எப்போதாவது உள்ளே போகும் நீர் வெளியேற அதுதான் வழி. ஜன்னலின் அடியிலுள்ள வடிதுளைகளையும் தவறிப்போய் அடைத்துவிடாதீர்கள்.

ஓரச்சட்டத்தின் இரண்டு கால்களுக்கும் தனித்தனியே டேப். 38 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள், பழைய துளைகளிலேயே. மாற்றாத கட்டையில் துளை தளர்ந்திருந்தால், பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள். மேலே போடும் புது வினைல் நாடாவை வெந்நீரில் முக்கினால் இளகும். இழுக்காமல் அழுத்தி, இரண்டு முனையிலும் 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள், எப்படியும் சுருங்கும்.

சோதனை, பிறகு உட்பக்கம்

உட்பக்கம் திறந்தே இருக்கும் இந்த நேரம் போல் இன்னொன்று கிடைக்காது. முன்பு செய்த ஓஸ் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள், இம்முறை ஓரிடத்துக்குப் பதினைந்து நிமிடம். அடிக்கட்டையின்மேல் நெடுக டிஷ்யூ தாளைப் பரப்பி வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். முடிந்தால் ஒரு நல்ல மழைக்கும் காத்திருங்கள்.

கசிவில்லை என்று உறுதியானபின் காப்புப் பலகை. கட்டைகளுக்கு இடையே 38 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (கெட்டி ஃபோம்) பலகையை இடைவெளியின்றி வெட்டிப் பொருத்தலாம். பஞ்சைப் போல் நீரைப் பிடித்து வைக்காது. ஒட்டுவதானால் ஃபோமைக் கரைக்காத பசை என்று டியூபில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வயர்களை ஃபோமில் காடி வெட்டிப் பதியுங்கள். ஸ்டேபிள் அடிக்கும் கோட்டில் வயர் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உட்பலகை அலமாரிகளுக்குப் பின்னால் ஒரே துண்டாக நுழையாது. இணைப்பு ஒரு கட்டையின் நடுவில் விழுமாறு வெட்டி, மேலே பீடிங் அடித்தால் தெரியாது.

ஒட்டுச் சுவர் உப்பியிருந்தால்

கையகலம், இரண்டு கையகலக் குமிழ் என்றால் முயலலாம். முதலில் கசிவை அடைத்து, உள்ளே உலர வேண்டும். 10 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள் போட்டு, மெதுவாக இறுகும் எபாக்ஸியை ஊசியால் ஏற்றுங்கள். மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், தரையிலிருந்து சாய்வு முட்டு. 24 மணி நேரம் அசையக் கூடாது. அடியிலுள்ள பிளைவுட்டே மக்கிவிட்டிருந்தால், தட்டும்போது மொறமொறவென்று ஒலிக்கும்; எபாக்ஸி மக்கிய நாரில் ஒட்டி, சில மாதங்களில் அதோடு சேர்ந்து உரியும். அப்போது தோலை முழுவதும் உரித்து மாற்ற வேண்டும். பெரிய மேடையும் நான்கைந்து ஆட்களும் தேவைப்படும் வேலை அது; பட்டறைக்கு விடுவதே நல்லது. அதேபோல் அடிச்சேசியின் இரும்பு துருவில் இற்றிருந்தால், பற்றவைப்பவர் பார்த்து முடித்த பிறகே மரவேலையைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்தபின்

ஒரு மாதம் கழித்து, டேப்பில் எழுதிய அதே இடங்களில் மீண்டும் அளக்கவும். எண் குறைந்தோ நிலையாகவோ இருக்க வேண்டும். இரண்டு புள்ளி ஏறியிருந்தால்கூட உடனே காரணம் தேடுங்கள். கூரை அடைப்புகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கையால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசலுக்கு அன்றே சீலன்ட். நிறுத்தி வைக்கும்போது முன்பக்கத்தைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்தால் கூரையில் நீர் தேங்காது.

எல்லா ஈரமும் வெளியிலிருந்து வருவதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. அடுப்பு எரியும்போது வென்டைத் திறந்து வைக்காவிட்டால், அந்த நீர் குளிர்ந்த அலுமினியத்தின் உட்பக்கத்தில் வேர்த்து, புதுக் கட்டையின்மேல் வடியும். மூடி வைப்பதானால் காற்றுப் போகும் துணி உறை. தார்ப்பாய் ஈரத்தை அடைத்து வைக்கும். காற்றில் அடித்து ஓரச்சட்டத்தையும் தேய்க்கும்.